ஒத்தை வயர்ல நிக்குமா, மருமவனே?

நல்லா இருக்கு மருமவனே, ரொம்ப நல்லா இருக்கு. இம்புட்டுக் கலர்ல ஒரு கரண்டுக் கணக்கை நான் பாத்ததே இல்லை. பச்சைக் கட்டம், மஞ்சக் கட்டம், ஓரத்துல ஒத்தைச் செவப்புக் கட்டம். சிறுசேரியில ஏசி ரூமுக்குள்ள உக்காந்து போட்ட கணக்குன்னா சும்மாவா? கீழே மொத்தம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கியே, அந்த எண்ணைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு கும்பிடலாமான்னு இருந்துச்சு. லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு பெத்தவன் நான். காலமெல்லாம் கிணத்து மோட்டாரும் டிரான்ஸ்பார்மருமாக் கெடந்தவன். எனக்கு உன் டேட்டா சென்டர் சங்கதி என்ன தெரியும்? ஏதோ கேட்டே, சொல்லுதேன். தப்பா இருந்தா கிழவன் உளறுதான்னு விட்டுரு. சரியா இருந்தா நீயே கண்டுபிடிச்சதா மேனேஜர்கிட்டச் சொல்லிக்கோ. மாமன் பங்கு கேக்க மாட்டேன்.

மொதல்ல அந்த 800 வாட்டுக்கு வருவோம். ஒரு சர்வருக்கு 800 வாட்டுன்னு எங்க இருந்து எடுத்தே? பவர் சப்ளை முதுகுல ஒட்டியிருக்கிற சீட்டுல இருந்து. சரி. அப்புறம் ஒரு சர்வருக்கு ரெண்டு பவர் சப்ளை இருக்கேன்னு அதை ரெண்டால பெருக்கி 1,600 ஆக்கிட்டே. ஒரு ரேக்குக்கு 20 சர்வர், ஆக 32 கிலோவாட். அடேயப்பா! இந்த ரேக்குக்குப் பக்கத்துல நிக்கதுக்கே லைசென்ஸ் வேணும் போலிருக்கே.

ரெண்டாவது பவர் சப்ளை எதுக்கு வச்சான்? மொத உள்ளது செத்தா தாங்கிப் பிடிக்க. ரெண்டும் உசுரோட இருந்தா ஆளுக்குப் பாதி சுமக்கும். ஒண்ணு போனா மத்தது முழுசாச் சுமக்கும். அதனால சர்வர் இழுக்கிற கரண்டு கூடவா போகுது? இது உனக்குத் தெரியாம இல்லை. கூட்டிப் போட்டுட்டா நாளைக்கு ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்னு ஒரு பெருக்கல் போட்டே. அந்த 800-ம் அப்படித்தான். அந்த பவர் சப்ளையால அதிகபட்சம் எம்புட்டுக் குடுக்க முடியும்கிறதுக்கு எழுதினது அது. உள்ள இருக்கிற சர்வர் எம்புட்டுக் கேக்குதுன்னு அது சொல்லவே இல்லை. நீயே மீட்டர் வச்சு அளந்து அடுத்த தாள்ல எழுதி வச்சிருக்கியே: சாதாரணமா 350 வாட், வேலை உச்சத்துல 450. அப்போ 20 சர்வருக்கு 9 கிலோவாட். முதல் தாள்ல 32, ரெண்டாவது தாள்ல 9. ரெண்டு தாளும் ஒரே பின்ல குத்தி இருக்கு. மாமன் கண்ணாடியைத் தொடச்சுட்டு ரெண்டு தடவை பாத்தேன்.

நம்ம ஊர்ல கதை தலைகீழ், தெரியுமில்லா? கிணத்து மோட்டார் பிளேட்டுல அஞ்சு குதிரைச் சக்தின்னு போட்டிருக்கும். உள்ள காயிலை மாத்திச் சுத்தி ஏழரை ஆக்கிருப்பான் நம்ம ஆளு. கேட்டா, "பிளேட்டைப் படிங்க சார்"ம்பான். நம்ம ஊர் பிளேட்டு குறைச்சுப் பொய் சொல்லும், உங்க ஊர் பிளேட்டு கூட்டிப் பொய் சொல்லும். ரெண்டு ஊர்லயும் கிளாம்ப் மீட்டர் ஒண்ணுதான் உண்மை பேசுச்சு.

போன தடவை வந்தப்போ ஒரு காகிதக் கட்டை விட்டுட்டுப் போனே பாரு. உங்க அத்தை அதைச் சுண்டல் மடிக்க எடுக்கதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்தேன். 2007-ல கூகுள்ல லூயிஸ் பரோசோவும் கூட ரெண்டு பேரும் எழுதினது. 15,000 சர்வர் வரைக்கும், ஆறு மாசம் போல, என்ன இழுக்குதுன்னு கவனிச்சிருக்காங்க. ஆயிரக்கணக்குல சர்வர் இருக்கிற ஒரு கூட்டத்தை எடுத்தா, எல்லாம் ஒண்ணாச் சேந்து உச்சத்துக்குப் போனா எம்புட்டு ஆகுமோ, அதுக்கும் நிசமா எட்டின உச்சத்துக்கும் 7-ல இருந்து 16 சதவீதம் இடைவெளி. முழு டேட்டா சென்டரா எடுத்தா அந்த இடைவெளி 40 சதவீதம் கிட்ட. இத்தனைக்கும் அவங்க உச்சம்னு வச்சது ஒட்டுச் சீட்டு எண் இல்லை, அளந்து எடுத்த உச்சம். ஒரு சர்வர் குதிக்கும்போது இன்னொண்ணு தூங்கும், அதான் காரணம். அந்த இடைவெளியில இன்னும் கொஞ்சம் சர்வரை வைக்கலாமேன்னு அவங்க யோசிச்சாங்க. யோசிச்சதோட நிக்காம, அளவு மீறினா சர்வரோட வேகத்தைத் தானா குறைக்கதுக்கும் வழி சொன்னாங்க. உங்க ஆளுங்க அதுல முதல் பாதியை மட்டும் படிச்சிருக்காங்கன்னு நெனைக்கேன்.

சரி, கூட்டிப் போட்டா என்ன நட்டம், பத்திரமாத்தானே இருக்குன்னு கேப்பே. கேளு, நல்லாக் கேளு. உயரழுத்த இணைப்பு வாங்கினவனுக்கு நம்ம தமிழ்நாட்டுல, ஒப்பந்தம் போட்ட மின்தேவையில 90 சதவீதம், இல்லை மாசத்துல நிசமாப் பதிவான உச்சம், இதுல எது கூடவோ அதுக்குக் கேவிஏ கணக்குல காசு. இழுக்காத கரண்டுக்கு மாசாமாசம் பில்லு. அதுக்கு ஏத்த டிரான்ஸ்பார்மர், அதுக்கு ஏத்த யூபிஎஸ், அதுக்கு ஏத்த ஜெனரேட்டர், அம்புட்டும் வெட்டியா நின்னு தூசி பிடிக்கும். ரேக்குல 42 அலமாரி இருக்கும், பாதியில "பவர் தீந்துபோச்சு"ன்னு போர்டு மாட்டி வச்சிருப்பே. எங்க தீந்துச்சு? உன் தாள்ல தீந்துச்சு. ஆனாலும் மருமவனே, இந்தத் தப்பால ஒருத்தனும் வேலையை விட்டுப் போனதில்லை. காசு போறது மெதுவாப் போகும், சத்தம் கேக்காது. அதனால இந்தத் தப்பையே நீ செய்ய நினைச்சா நான் குறுக்க நிக்க மாட்டேன்.

அடுத்த தப்புதான் சத்தம் போடும்.

உன் மேனேஜர் வந்து என்ன சொல்லுவாரு? "தம்பி, நீ அளந்தது 9 கிலோவாட். ரேக்குக்கு ரெண்டு ஃபீடு குடுத்திருக்கோம். ஒவ்வொண்ணும் மும்முனை, 32 ஆம்பியர், 22 கேவிஏ. ஏ பக்கம் நாலரை ஓடுது, பி பக்கம் நாலரை ஓடுது. ரெண்டுலயும் 20 சதவீதம்தான். இம்புட்டு இடம் சும்மா கெடக்கே, நிரப்பு!" ஆமா, அவரு சொல்லுதது நியாயந்தானே. நிரப்பு மருமவனே. நல்ல கனமான சர்வராக் கொண்டாந்து அடுக்கு. 28 கிலோவாட் வரட்டும். ஏ பக்கம் 14, பி பக்கம் 14. ரெண்டும் 63 சதவீதம். கட்டம் பச்சையா இருக்கும். படம் பிடிச்சு மேல அனுப்பு, பதவி உயர்வு வந்தாலும் வரும்.

ஒரு நா ராத்திரி ஏ பக்கம் போகும். யாரோ பராமரிப்புக்கு நிறுத்துவான், இல்லை ஒரு பிரேக்கர் சலிச்சுப் போய் விழும், காரணமா முக்கியம்? அந்த நிமிஷமே 28-ம் பி தலையில. 22 சுமக்கிறவன் தலையில 28. சதவீதம் 127. இனிமேத்தான் வேடிக்கை. பிரேக்கர் உடனே விழாது. இந்தச் சின்ன எம்சிபிக்கு ஒரு விதி எழுதி வச்சிருக்கான்: அளவுக்கு மேல 13 சதவீதம் கூடினா ஒரு மணி நேரம் விழாம நிக்கணும், 45 சதவீதம் கூடினா ஒரு மணி நேரத்துக்குள்ள விழுந்தே ஆகணும். நடுவுல உள்ளது அதோட இஷ்டம். நீ அந்த நடுவுலதான் நிக்கே. அது யோசிக்கும். நீ அதுக்குள்ள "ஏ போயிருச்சு, பி தாங்கிருச்சு, எல்லாம் சொகம்"னு வாட்ஸ்அப்புல எல்லாருக்கும் தட்டி விட்டிருப்பே. மேனேஜர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிருப்பாரு. அப்பத்தான் அது யோசிச்சு முடிக்கும்.

இன்னொண்ணு, அந்த எம்சிபியைச் சோதிச்சதெல்லாம் 30 டிகிரியில. நீ அதை மாட்டி வச்சிருக்கிறது ரேக்குக்குப் பின்னாடி, சர்வரெல்லாம் மூச்சு விடுற சூட்டுல. சூடு கூடக் கூட அதுக்குப் பொறுமை கம்மி. எனக்கும் அப்படித்தான், உங்க அத்தையைக் கேளு.

அதனால கணக்கு என்னன்னா: 22-ல 80 சதவீதத்துக்கு மேல ஒத்தைப் பக்கம் எப்பவுமே ஏறக் கூடாது. அமெரிக்காக்காரன் இதைச் சட்டப் புத்தகத்துலயே எழுதி வச்சிருக்கான். மூணு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓடுற லோடுன்னா பிரேக்கர் அளவுல 80 சதவீதம்தான்னு. நம்ம பக்கத்து பிரேக்கருக்கு அந்தச் சட்டம் எழுத்துல இல்லாட்டியும் நல்ல பழக்கம், வச்சுக்கோ. 22-ல 80 சதவீதம்னா பதினேழரைக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு பக்கமும் சேத்தே அம்புட்டுத்தான். அதாவது எல்லாம் ஒழுங்கா ஓடுற நாள்ல ஒவ்வொரு பக்கமும் 40 சதவீதம் காட்டணும். 40-ன்னு காட்டினா அது முழுசா நிரம்பின ரேக்கு. இதை உன் மேனேஜருக்குப் புரிய வைக்கதுதான் கஷ்டம். 60 சதவீதம் காலியாத் தெரியுதேன்னு அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. அது காலி இல்லை சாமி, செத்துப் போகப் போற பக்கத்தோட பங்கு அது, அடமானத்துல இருக்குன்னு சொல்லு.

உன் தாள்ல இன்னொரு அழகு. மும்முனைன்னா மூணு முனை. ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியா 32 ஆம்பியர், 230 வோல்ட், ஏழு கேவிஏக்குக் கொஞ்சம் மேல. மூணையும் கூட்டி 22-ன்னு போட்டுட்டு நீ நிம்மதியா இருக்கே. சர்வரை மாட்டுற பையன் என்ன செய்வான்? ரேக்குக்குள்ள கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற அந்த பிடியூ நெட்டுக்குத்தா நிக்கும், ப்ளக் போடுற ஓட்டையை மூணு கூட்டமாப் பிரிச்சிருப்பான், கீழ ஒரு முனை, நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு. பையனுக்குக் குனியச் சோம்பல், எக்கவும் சோம்பல். எல்லாத்தையும் நடுவுலயே செருகிட்டுப் போயிருவான். மொத்தம் பாத்தா பத்துதான். நடுவுல உள்ள ஒய் ஃபேஸ் முக்கி முனங்கிட்டு நிக்கும், ஆர் ஃபேஸும் பி ஃபேஸும் ஊர் சுத்தும். மூணு முனையையும் தனித்தனிக் கட்டமாப் போடு.

அதே பையன் இன்னொண்ணும் செய்வான். செவப்பு ஒயரு ஏ பக்கம், நீல ஒயரு பி பக்கம்னு கலர் பிரிச்சு வாங்கிக் குடுத்திருப்பே. செவப்பு தீந்துபோச்சுன்னு ரெண்டு நீலத்தையும் ஒரே பக்கம் செருகிருப்பான். ஒரு வருசம் ஒண்ணும் தெரியாது. பச்சைக் கட்டம் பச்சையாவே இருக்கும்.

இப்போ ஒரு கதை சொல்லுதேன், கணக்கை மூடி வை.

நம்ம தெக்குக் காட்டுல 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒண்ணு. அதுல ஒரு டஜன் மோட்டார். ஓடிட்டு இருக்கையில எல்லாம் சேந்து தாங்கும், கணக்குப் போட்டுத்தான் குடுத்தோம். ஆனா மும்முனைக் கரண்டு எப்போ வரும்னு தெரியாத காலம். எவன் ராத்திரி காட்டுல போய் நிப்பான்? எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டிட்டான். கரண்டு வந்த நொடி டஜன் மோட்டாரும் ஒண்ணாக் கெளம்பும். கெளம்பும்போது மோட்டார் ஒவ்வொண்ணும் வழக்கமா இழுக்கிறதுல ஆறு மடங்கு இழுக்கும். ஃப்யூஸ் பட்டுன்னு போகும். ஊரே சேந்து நம்ம வீட்டு வாசலுக்கு வரும், டிரான்ஸ்பார்மர் பத்தலை, பெருசு வைன்னு. பெருசு வைக்க வேண்டியதே இல்லை மருமவனே. ஸ்டார்ட்டருக்குள்ள ஒரு சின்ன டைமர் உண்டு, அதைத் திருகினா கரண்டு வந்து கொஞ்சம் தாமதிச்சு மோட்டாரைக் கெளப்பும். ஆளாளுக்கு வேற வேற நேரம் வச்சா ஃப்யூஸ் போகவே போகாது. ஆனா ஊர்க் கூட்டத்துல அதைச் சொன்னா நடக்குமா? "மொதல்ல அவனை வைக்கச் சொல்லு"ம்பான். நான் ஒருத்தன்கிட்டயும் பொதுவாச் சொல்லலை. ஒவ்வொருத்தனையா தனியாக் கூப்பிட்டு, காதுல மட்டும், "கரண்டு வந்த உடனே வோல்டேஜ் படுத்துக் கெடக்கும். எல்லா முட்டாப் பயலும் மோட்டாரைப் போடட்டும், நீ மட்டும் இம்புட்டு நேரம் பொறுத்துப் போடு, உன் காயில் எரியாது. யார்கிட்டயும் சொல்லிராதே"ன்னேன். ஆளுக்கு ஒரு நேரம். அம்புட்டுப் பேரும் ரகசியத்தைக் காப்பாத்தினான். ஃப்யூஸும் போகலை. இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொருத்தனும் தான் மட்டும்தான் கெட்டிக்காரன்னு நெனைச்சுட்டு இருக்கான்.

உன் சர்வரும் அந்த டஜன் மோட்டார்தான். கரண்டு திரும்பி வந்த நொடியில எல்லா பவர் சப்ளையும் வயித்தை நிரப்பிக்கிடும், எல்லா மின்விசிறியும் தலைதெறிக்கச் சுத்தும். ஓடும்போது தாங்கின பிரேக்கர் கெளம்பும்போது தாங்காது. உங்க பிடியூல ஓட்டைக்கு ஓட்டை தாமதம் வைக்க வசதி உண்டு. சர்வர் உள்ள அமைப்புலயும், கரண்டு வந்தா உடனே எந்திரி, படுத்தே கெட, கொஞ்ச நேரம் கழிச்சு எந்திரின்னு வைக்கலாம். பெட்டியில இருந்து எடுத்தபடி இருக்குன்னு உன் குறிப்புல எழுதிருக்கே. இருக்கட்டும். சர்வர்கிட்டத் தனித்தனியாக் காதுல சொல்ல வேண்டிய அவசியம் உனக்கு இல்லை, ஒரு நாள் உக்காந்து திருகினாப் போதும்.

இது பட்டிக்காட்டுக் கதைன்னு நெனைக்காதே. 2017 மே 27, சனிக்கிழமை. பிரிட்டிஷ் ஏர்வேஸ்காரன் டேட்டா சென்டர்ல கரண்டு போச்சு. கரண்டு போனதைக் காட்டிலும், ஒரு கட்டுப்பாடு இல்லாமத் திரும்பி வந்ததுதான் சாமானைக் கெடுத்துச்சுன்னு அந்தக் கம்பெனித் தரப்பே சொல்லிச்சு. சுமார் 75,000 பயணிங்க லண்டன்லயும் மத்த ஊர்லயும் மூட்டை முடிச்சோட தரையில உக்காந்திருந்தாங்க. அங்க டை கட்டின என்ஜினீயருக்குப் பஞ்சமா என்ன?

சேந்து வாரது மட்டுமா, சேந்து போறதும் அப்படித்தான். 2024 ஜூலை 10, அமெரிக்காவுல வெர்ஜினியா பக்கம். 230 கேவி லைன்ல ஒரு இடிதாங்கி பழுது. லைன் ஆறு தடவை கண்ணடிச்சுச்சு. அந்தப் பக்கத்துல ஒரு 60 டேட்டா சென்டர், எல்லாத்துலயும் உன்னை மாதிரி ஒரு கெட்டிக்காரன், "கரண்டு சரியில்லை, நம்ம பேட்டரிக்குத் தாவு"ன்னு எழுதி வச்சிருக்கான். எல்லாம் ஒண்ணாத் தாவிருச்சு. 1,500 மெகாவாட் லோடு ஒரே மூச்சுல காணாமப் போச்சு. நம்ம கூடங்குளத்துல ஒரு உலை 1,000 மெகாவாட். அப்போ ஒன்றரை உலைக்கு வேலை இல்லாமப் போச்சுன்னு வச்சுக்கோ. லைன்காரன் வோல்டேஜ் ஏறாமப் பிடிக்கப் பட்ட பாட்டை நெனைச்சா எனக்கு இங்க இருந்தே வேர்க்குது. நம்ம சாதிசனம் இல்லையா அவன்.

அப்புறம் ஏ, பி-ன்னு ரெண்டு போட்டிருக்கியே, அது நிசமாவே ரெண்டா? நான் சந்தேகப்படுதேன்னு நெனைக்காதே, சும்மா கேக்கேன். 2012 ஜூலை 30, 31-ல வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்பெல்லாம் சாஞ்சு, 60 கோடிப் பேருக்கு மேல இருட்டுல கெடந்தாங்க. நமக்கு ஒண்ணும் ஆகலை. ஏன்? நம்மள மாதிரி கெட்டிக்காரன் இல்லைன்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நம்ம தெற்குத் தொகுப்பு அவங்களோட நேர்மின் வழியில மட்டும்தான் தொடுப்பு, தனியாத் துடிச்சிட்டு இருந்துச்சு. 2013 டிசம்பர் 31-ல ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கேவி லைன் சேந்த பெறகுதான் நாடு பூரா ஒரே துடிப்பு. (நம்ம மின்வெட்டைச் சொல்லாதே, அந்த வருசம் தினம் பாதி நாள் நமக்குத் தனியாவே இருட்டு. அதுக்கு வடக்கத்தியான் பொறுப்பு இல்லை.) ஆக, ஏ ஒயரும் பி ஒயரும் எங்க போய் ஒண்ணாச் சேருதுன்னு பின்னாடியே போய்ப் பாரு. ஒரே குழியில புதைச்சிருக்கானா? ஒரே துணை மின்நிலையமா? ரெண்டு ஜெனரேட்டருக்கும் ஒரே டீசல் தொட்டியா? உன் தாள்ல ரெண்டு கலர் கோடு போட்டிருக்கே. ஜேசிபிக்காரனுக்குக் கலர் தெரியாது.

இப்போ கடைசித் தாள். இதைத்தான் நீ மொதல்ல காட்டிருக்கணும், வெக்கப்பட்டு அடியில வச்சிருக்கே. ஏஐ ரேக்கு. என்விடியாக்காரன் என்விஎல்72-ன்னு ஒண்ணு விக்கானாம், ஒரே ரேக்குல 72 ஜிபியூ, சுமாரா 120 கிலோவாட். இம்புட்டு நேரம் நான் ஒம்பதுக்கும் பதினேழரைக்கும் மாரடிச்சேனே, அந்தப் பதினேழரை ரேக்கு ஏழு சேந்தா இது ஒண்ணு. அதுக்கு நீ "ஏற்கெனவே உள்ள வரிசையில ஓரமா வச்சுக்கலாம்"னு குறிப்பு எழுதிருக்கே. வை. தாராளமா வை. வச்சுட்டு எனக்குப் போன் போடாதே.

பழைய கணக்குல ஒரு புண்ணியம் இருந்துச்சுல்லா, ஒருத்தன் குதிச்சா இன்னொருத்தன் தூங்குவான்னு? இங்க அது கெடையாது. இந்த ஏஐக்குப் பாடம் சொல்லிக் குடுக்கும்போது ஆயிரக்கணக்குல ஜிபியூ ஒரே வேலையைச் செய்யும். ஒண்ணா ஓடும், அடுத்த அடிக்கு ஒண்ணாக் காத்து நிக்கும். 2024-ல மெட்டாக்காரன் லாமா 3-ங்கிற அவன் ஏஐ பத்தி எழுதினதுலயே சொல்லிருக்கான்: பல்லாயிரக்கணக்கான ஜிபியூ சேந்து ஏறி எறங்கும்போது கட்டடத்தோட கரண்டு பத்துக்கணக்கான மெகாவாட் ஒரே நொடியில ஊசலாடுதாம். டஜன் மோட்டாரும் நாள் பூராக் கெளம்பிக் கெளம்பி நிக்குது. எல்லாம் சேந்து உச்சத்துக்குப் போகாதுன்னு நம்பி மிச்சம் பிடிச்சியே, அதை இந்த வரிசைக்கு மட்டும் கொண்டு வராதே. இங்க சீட்டுல போட்ட எண்ணுக்குப் பக்கத்துலயே நில்லு. ஆமா, மொதல்ல சீட்டை நம்பாதேன்னேன், இப்போ நம்புங்கேன். கிழவன் மாத்திப் பேசலை, பெட்டி மாறிப்போச்சு.

உள்ள போற வாட்டு அம்புட்டும் சூடாத்தான் வெளிய வரும், ஒரு பொட்டு மிச்சம் கெடையாது. ஒரு டன் ஏசின்னா மூன்றரை கிலோவாட் சூட்டைத் தள்ளும். 120 கிலோவாட்டுக்கு 34 டன். வீட்டுல மாட்டுற ஒன்றரை டன் ஏசி 23 வேணும், ஒத்தை ரேக்குக்கு. அதனாலதான் தண்ணிக் குழாயை உள்ளயே விட்டிருக்கான். இப்போ கேளு: கரண்டு போச்சு. யூபிஎஸ் சர்வரைத் தாங்குது, ஜெனரேட்டர் இருமிக்கிட்டு எந்திரிக்குது. அதுவரைக்கும் தண்ணி பம்பை யார் தாங்குறா? பம்பை யூபிஎஸ்ல போடலை நீ. "அத்தியாவசியம் இல்லாத லோடு"ன்னு தனிக் கட்டத்துல தள்ளி வச்சிருக்கே. சர்வர் மும்முரமா ஓடும், தண்ணி நிக்கும். சூடு ஏற மணிக்கணக்கு ஆகாது ராசா. யூபிஎஸ் கணக்குல பம்பைச் சேரு, பம்பு வோல்டேஜ் சரிவுல விழுந்தா தானா எந்திரிக்குமான்னும் பாரு.

இம்புட்டும் சொல்லிட்டு ஒண்ணு கேக்கேன். அந்த ஏ பக்கத்தை எப்பவாவது வேணும்னே நிறுத்திப் பாத்திருக்கீங்களா? சும்மா இருக்கிற ரேக்குல இல்லை, கஸ்டமர் வேலை ஓடுற ரேக்குல? முழிக்கே பாரு, உங்க அம்மா கல்யாணத்துல உங்க அப்பா முழிச்ச முழி. இல்லைன்னு தெரியும். கேட்டா, "மாமா, அது ரிஸ்க்கு"ம்பே. சரிதான், நீங்க நேரம் பாத்து, ஆளை நிறுத்தி, பிரேக்கர்ல கையை வச்சுட்டு நிறுத்துறது ரிஸ்க்கு. அது தானா ராத்திரி ரெண்டரைக்கு நிக்கது ரிஸ்க்கு இல்லை.

மேனேஜர்கிட்ட எழுத்துல கேளு. ஞாயித்துக்கிழமை விடியக்காலம், கஸ்டமருக்கு முன்கூட்டியே சொல்லிட்டு, ஒரு வரிசையில மட்டும். பி பக்கம் ஒவ்வொரு முனையும் எம்புட்டு ஏறுதுன்னு எழுது, ஒரு மணி நேரம் நில்லு, அந்த எம்சிபி யோசிச்சு முடிக்கட்டும். எந்த சர்வர் செத்துச்சோ அதுக்குப் பின்னாடி போய் ஒயர் கலரைப் பாரு. அப்புறம் ஏ பக்கத்தைத் திரும்பக் குடுத்து, எப்படி எந்திரிக்குதுன்னு பாரு. அவரு முடியாதுன்னு சொன்னா அதையும் எழுத்துல வாங்கிக்கோ, நல்ல தேதி போட்டு.

சரின்னு சொல்லிட்டாருன்னா எனக்கு ஒரு பஸ் டிக்கெட்டு போட்டுரு, கோவில்பட்டியில இருந்து, ஜன்னல் சீட்டு. கையுறையும் செருப்பும் நானே கொண்டாந்துருதேன். உள்ள விட ஏதோ அடையாள அட்டை கேப்பாங்களாமே, அதுல என்ன பதவின்னு போடுவியோ எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, பிரேக்கரை நான்தான் இழுப்பேன்.